நடுப்பெட்டி

"ஓலை வாசிக்காமல் நீ அந்த வீட்டுப் படி ஏறக்கூடாது."

"ஓலை வாசிக்கிறதுக்கு ஆள் ஊரில நிக்கவேணுமே அண்ணா. அவர் புதன்கிழமை பிளேன் ஏறுறார்."

"அப்ப, திரும்பி வரட்டும். வந்து வாசிக்கட்டும். அதுக்குப் பிறகு போ."

"அவற்ற அம்மாவுக்குக் காலில புண். தனிய எப்பிடிச் சமாளிப்பா?"

"அவன்ர அம்மாவுக்குப் புண்ணெண்டால் அவன் நிண்டு பாக்கட்டும். நீ அவனுக்கு ஆர்?"

"எனக்குச் சொல்லியிருக்கிறார்," என்றாள் மாக்கிறட்.

"உனக்குச் சொன்னது பத்தாது. ஊருக்குச் சொல்லட்டும். நாலு சனம் நிக்கிற இடத்தில வாயைத் திறந்து உன்ர பேரைச் சொல்லட்டும். அண்டைக்கு நானே உன்னைக் கொண்டுபோய் விடுறன்."

"சொல்லுவார்."

"எப்ப?"

"சொல்லுவார் அண்ணா."

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, சண்டை ஓய்ந்திருந்த காலத்தில், மன்னார்க் கரை ஊரான வங்காலையில் டொமினிக்கின் வீட்டு முற்றத்தில் நடந்த பேச்சு இது. கோயிலில் மூன்று ஞாயிறு பூசையில் பெயர் சொல்லி ஓலை வாசித்தால்தான் கலியாணப் பேச்சுக்கு ஊரில் மரியாதை. தாய் தகப்பன் போனபின் தங்கையை வளர்த்து ஆளாக்கிய டொமினிக்குக்கு அந்த மரியாதை பெரிது. மாக்கிறட்டுக்கு அம்புறோஸ் பெரிது. புதன்கிழமை அவன் கனடாவுக்குப் பிளேன் ஏறினான். வியாழக்கிழமை அவள் ஒரு சூட்கேசோடு அவனுடைய தாய் றஞ்சிதத்தின் வீட்டுப் படி ஏறினாள். அன்றோடு அண்ணன் தங்கை பேச்சு நின்றது.

ஒன்பது வருடம் ஓடிவிட்டது. அப்போது இருபத்துநான்கு வயதாக இருந்தவளுக்கு இப்போது முப்பத்துமூன்று. காலையில் முன்பள்ளியில் பிள்ளைகளுக்கு டீச்சர். மிச்ச நேரமெல்லாம் றஞ்சிதத்துக்குக் கை, கால் எல்லாம் அவள்தான். சீனி வருத்தம் முதலில் கிழவியின் கால் விரல்களைத் தின்றது. பிறகு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அந்த மூன்று வாரமும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தவள் மாக்கிறட். வார்ட்டில் எல்லாரும் "மருமகளோ?" என்று கேட்டார்கள். "ஓம்," என்றே சொன்னாள். றஞ்சிதமும் மறுக்கவில்லை.

அம்புறோஸ் ஞாயிறுதோறும் தாய்க்குப் போன் எடுப்பான். கடைசியில் ஒரு நிமிடம் மாக்கிறட்டுக்குக் கிடைக்கும்.

"சுகமோ?"

"ஓம்."

"அம்மாவுக்கு ஊசி போட்டனியோ?"

"ஓம்."

"சரி, பிறகு எடுக்கிறன்."

அவனுடைய இந்த மூன்று வரியில் தன்னுடைய கேள்வியை எங்கே நுழைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டுவிட்டால், கேட்டு வாங்கியவள் ஆகிவிடுவாளே. அவனாகச் சொல்லவேண்டும்.

ஞாயிறு பூசைக்கு றஞ்சிதத்தைச் சில்லுக் கதிரையில் தள்ளிக்கொண்டு போகும்போது, ஆண்கள் பக்கத் தூணோடு டொமினிக் நிற்பான். தலை நரைத்துக்கொண்டு வந்தது. அவனைக் காணும்போதெல்லாம், போய்த் தன்னை வீட்டுக்கு அழைத்துப் போகும்படி கேட்டுவிடலாமா என்று நினைப்பாள். கேட்டால் அம்புறோஸ் சொல்லமாட்டான் என்று அவளே ஒத்துக்கொண்டதாகிவிடும். நற்கருணை வாங்கும்போது அந்த வேண்டுதலையும் சேர்த்து விழுங்கிவிட்டு வீட்டுக்குத் திரும்புவாள்.

இரண்டாயிரத்துப் பத்தில் அம்புறோஸின் தங்கை பிரான்சிஸ்காவுக்குக் கனடாவில் கலியாணம் நடந்தது. அடுத்த மாதம் கப்பலில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே கலியாண டிஸ்க் ஒன்றும், அதைப் போட்டுப் பார்க்க ஒரு மிசினும், அதோடு சேர்ந்த சவுண்ட் பெட்டிகளும். சின்னப் பெட்டி ஐந்து, பெரிய பெட்டி ஒன்று.

வங்காலையில் வெளிநாட்டுப் பெட்டி வந்தால் அதுவும் கரைக்கு வந்த மீன் மாதிரித்தான். பங்கு வைக்காமல் கதவைச் சாத்தினால் ஊர் வாய் சும்மா இருக்காது. சொக்கிலேற்றும் சவர்க்காரமும் பங்கு போனபிறகு றஞ்சிதம் சவுண்ட் பெட்டிகளைப் பார்த்தாள்.

"ரெண்டு காதுக்கு ரெண்டு பெட்டி போதும். அஞ்சை வைச்சுக் கேக்க நாங்கள் என்ன யானையோ?"

ஒன்று புருஷனின் தம்பி வீட்டுக்குப் போனது. ஒன்று கோயில் மூப்பர் வீட்டுக்கு. ஐந்தில் நான்கு நிமிர்ந்து நிற்கும் மாதிரி, ஒன்று மட்டும் நீட்டுக்குப் படுத்த மாதிரி இருந்தது. "இது நொண்டி. இதைப் பஸ்ரியனுக்குக் குடு," என்று நறுவிலிக்குளத்துத் தம்பிக்கு அனுப்பினாள். பஸ்ரியன் அதை றேடியோவில் கொழுவி, வயல் காவல் கொட்டிலில் கட்டி, மயில் கலைக்கிறான் என்று கேள்வி.

மிச்சம் இரண்டு பெட்டியும் பெரிய பெட்டியும் வீட்டில் நின்றன. முதல் நாள் டிஸ்க்கைப் போட்டார்கள். இசை வந்தது. சனம் கைதட்டும் சத்தம் வந்தது. பெரிய பெட்டி தும்தும் என்று நிலத்தை அதிர வைத்தது. ஆனால் சுவாமியாரின் வாய் அசைந்தது, பேச்சு வரவில்லை. பிரான்சிஸ்கா வார்த்தைப்பாடு கொடுத்தாள், பேச்சு வரவில்லை. கள்ளக் கொப்பிப் படங்களிலும் அப்படித்தான். சண்டை கேட்கும், பாட்டு கேட்கும், கதைக்கத் தொடங்கினால் ஊமை. "கனடாவிலயும் கள்ளக் கொப்பிதானாக்கும்," என்றாள் றஞ்சிதம்.

டிஸ்க்கின் பிற்பாதியில் அம்புறோஸ் வந்தான். கறுப்புக் கோட்டு. கையில் மைக். மண்டபம் நிறையச் சனம். இரண்டு நிமிடம் பேசினான். நடுவில் சனம் சிரித்தது. கடைசியில் அவன் கண்ணைத் தாழ்த்தி, கையை நெஞ்சில் வைத்து ஏதோ சொன்னான். எல்லாரும் கைதட்டினார்கள்.

"என்ன சொல்லுறார் மாமி?" மாக்கிறட் கேட்டாள்.

றஞ்சிதம் அடுத்த ஞாயிறு போன் பேசிவிட்டு வந்து சொன்னாள். "உன்னைப் பற்றித்தான் பிள்ளை. உன்ர பேரைச் சொன்னவனாம். நானூறு சனத்துக்கு முன்னால."

அந்த ஒரு சொல்லே மாக்கிறட்டுக்குச் சோறும் தண்ணீரும் ஆனது. றஞ்சிதம் உறங்கும் பகல்களில் அந்த இரண்டு நிமிடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். அவனுடைய உதடுகளுக்குத் தானே சொற்கள் கட்டினாள். 'ஊரில எனக்காக ஒருத்தி இருக்கிறாள்' என்பது அவன் வாய் முதலில் திறக்கும் இடத்துக்குச் சரியாகப் பொருந்தியது. நெஞ்சில் கை வைக்கும் இடத்துக்கு 'மாக்கிறட்' என்ற பெயர் பொருந்தியது. பக்கத்து மேசையில் இருந்த பச்சைச் சேலைக்காரியை மட்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை. அவள் ஏன் அம்புறோஸையே பார்த்துக்கொண்டிருந்து, கடைசியில் எழுந்து எல்லாருக்கும் கையைக் காட்டுகிறாள்? "அது மாப்பிள்ளையின்ர தமக்கை," என்று சொல்லிவிட்டாள் றஞ்சிதம்.

டிஸ்க்கை வெளியே இரவல் கொடுக்க றஞ்சிதம் விடவில்லை. "கீறல் விழும்," என்பாள். அலுமாரிச் சாவி அவளுடைய இடுப்பில்தான் இருந்தது. மாக்கிறட்டுக்கு மட்டும் கேட்டபோதெல்லாம் எடுத்துக் கொடுத்தாள்.

போன வருடம் டொமினிக்கின் மனைவி பெற்றிசியா சந்தையில் மாக்கிறட்டை மறித்தாள்.

"மச்சாள், கோவிக்காதையுங்கோ. அம்புறோஸ் அங்க கலியாணம் முடிச்சிட்டாராம் எண்டு சனம் கதைக்குது."

"சனம் எதைத்தான் கதைக்கேல்ல?"

"உங்கட அண்ணன்தான் கேட்டுவரச் சொன்னவர்."

"அண்ணனுக்குச் சொல்லுங்கோ, நாலு சனம் என்ன, நானூறு சனத்துக்கு முன்னால என்ர பேரைச் சொல்லியிருக்கிறார். அவற்ற வாயால நான் வேற கதை கேட்டால் நம்புறன். ஊர் வாயை நம்பமாட்டன்."

இந்த ஆடி மாதம் கோயில் திருநாளுக்கு ஒலிபெருக்கி கட்ட மன்னாரிலிருந்து ஹலீம் வந்தான். தொண்ணூறில் மற்ற முஸ்லிம் சனத்தோடு சின்னப் பிள்ளையாகப் புத்தளத்துக்கு விரட்டப்பட்டு, அங்கே றேடியோ வேலை பழகி, சண்டை முடிந்தபின் திரும்பி வந்தவன். வாய்க்காரன். முன்பள்ளி மைக்கையும் அவன்தான் திருத்தினான். மாக்கிறட் அவனிடம் கேட்டாள்.

"செய்தி கேக்குது, பூசை டிஸ்க் கேக்குது. கலியாண டிஸ்க்கில மட்டும் பேச்சு இல்லை. ஏன்?"

"வீட்டில காட்டுங்கோ டீச்சர்."

சனிக்கிழமை பின்னேரம் வந்தான். மிசினைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தான். சின்னப் பெட்டிகளின் வயர் கொழுவும் ஐந்து சோடித் துளையில் மூன்று சோடி வெறுமையாகக் கிடந்தது.

"மிச்சப் பெட்டி எங்க?"

"பங்கு வைச்சாச்சு."

ஹலீம் நிலத்தில் அமர்ந்துவிட்டான். சிரிப்பில் அவனுக்கு மூச்சு முட்டியது. "அல்லாவே! இதென்ன குர்பான் இறைச்சியோ டீச்சர், பங்கு வைக்க? நீட்டுக்குப் படுத்த மாதிரி ஒண்டு இருந்திருக்குமே, அது?"

"நறுவிலிக்குளத்தில. மயில் கலைக்குது."

"அதுதான் நடுப்பெட்டி. அதுதான் வாய்! வாயை அறுத்து மயிலுக்குக் குடுத்திட்டு, கதை கேக்கேல்லையெண்டால்?"

றஞ்சிதம் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

ஹலீம் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளங்கப்படுத்தினான். செய்தியிலும் பூசை டிஸ்க்கிலும் சத்தம் இரண்டு பாதையில்தான் வரும், இரண்டு பெட்டிக்கு அது போதும். இந்த டிஸ்க்கில் சத்தம் ஆறு பாதையாகப் பிரிந்திருக்கிறது. இடம், வலம், பின்னுக்கு இரண்டு, அதிர்வுக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று. ஆள் கதைப்பதை நடுவில்தான் போடுவார்கள். நடுப்பெட்டி இருக்கிறது என்று நம்பி மிசின் பேச்சையெல்லாம் அந்தத் துளைக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறது. அங்கே பெட்டி இல்லை. பேச்சு காற்றோடு போகிறது.

"அப்ப நறுவிலிக்குளத்துக்குப் போய் அதை வாங்கிக்கொண்டு வரவேணுமோ?"

"தேவையில்லை. நடுப்பெட்டி இல்லையெண்டு மிசினுக்கு ஒருக்காச் சொன்னால் போதும். அது பேச்சைச் சரிபாதியாப் பிரிச்சு ரெண்டு பக்கத்துக்கும் குடுக்கும். நீங்கள் ரெண்டுக்கும் நடுவில இருந்தால் பேச்சு நடுவில இருந்து வாற மாதிரியே கேக்கும்." ஹலீம் றிமோட்டை எடுத்தான். "ரெண்டு வருசமா ஒருத்தரும் இதைச் சொல்லேல்லையோ?"

"விடு தம்பி," என்றாள் றஞ்சிதம் திடீரென்று. "பழைய மிசின். நோண்டினால் பழுதாப் போகும்."

"ஒண்டும் ஆகாதம்மா. ஒரு பட்டன்தான்."

"கரண்ட் பில் ஏறுது. பிறகு பாப்பம்."

மாக்கிறட் கிழவியைத் திரும்பிப் பார்த்தாள். மகன் தன் பெயரைச் சொன்னதைக் கேட்டால் மருமகளுக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்று பயப்படுகிறாளாக்கும் என்று நினைத்தாள். உள்ளுக்குள் சிரிப்புக்கூட வந்தது.

ஹலீம் திரையில் எழுத்துகள் ஓடும் பக்கத்தைத் திறந்து, நடு, பின், எல்லாவற்றையும் 'இல்லை' ஆக்கினான். டிஸ்க் ஓடியது. "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக," என்று சுவாமியார் வீட்டுக்குள்ளே வந்து நின்ற மாதிரிச் சொன்னார். மாக்கிறட் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னும் ஓட விடட்டோ?"

"வேண்டாம்! நிப்பாட்டுங்கோ. அவர் கதைக்கிற இடம் பிறகு வருது. எல்லாரும் வரட்டும்."

அவள் செய்த பிழை அதுதான். தனியாக ஒருதரம் கேட்டிருக்கலாம். ஆனால் ஒன்பது வருடமாகக் காத்த சொல்லைத் தனியாகக் கேட்டு என்ன செய்வது? அண்ணன் கேட்டது ஊருக்குச் சொல்லும் சொல்லையல்லவா?

பக்கத்து வீட்டுப் பிள்ளையை ஓடவிட்டாள். "டொமினிக் மாமாவிட்டச் சொல்லு, அம்புறோஸ் கதைக்கிறது இப்ப கேக்குதாம், வரட்டாம் எண்டு." றஞ்சிதத்தின் கொழுந்தன் வீட்டார் வந்தார்கள். மூப்பரும் மனைவியும் வந்தார்கள். பெற்றிசியா வந்தாள். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாக்கிறட்டின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் எல்லாருக்கும் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தாள்.

கடைசியாக டொமினிக் வந்தான். உள்ளே வரவில்லை. வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றான்.

"உள்ள வாங்கோவன்," என்றான் ஹலீம்.

"இதில நிண்டாலும் கேக்கும்."

"பிள்ளை," என்று றஞ்சிதம் மாக்கிறட்டின் கையைப் பிடித்தாள். பிடி இறுகியிருந்தது. "எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு. நாளைக்குப் பாப்பமே."

"ரெண்டு நிமிசம்தானே மாமி."

அவள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, ஹலீம் காட்டிய இடத்தில், இரண்டு பெட்டிக்கும் நட்டநடுவில், பாயில் அமர்ந்தாள்.

அம்புறோஸ் மைக்கை எடுத்தான்.

"எல்லாருக்கும் வணக்கம்," என்றான். குரல் கொஞ்சம் தடித்திருந்தது. போனில் கேட்கும் குரலைவிட மகிழ்ச்சியாக இருந்தது. தங்கையை வாழ்த்தினான். தகப்பன் இல்லாத குறையைச் சொன்னான். பிறகு சொன்னான்:

"எல்லாரும் என்னைக் கேக்கினம், அம்மாவைத் தனிய விட்டிட்டு இருக்கிறியே எண்டு. அம்மா தனிய இல்லை. எங்கட வீட்டில மாக்கிறட் எண்டொரு பிள்ளை நிக்குது. நான் நிக்கச் சொன்ன நாளில இருந்து அசையாமல் நிக்குது. இஞ்ச ஒரு நேர்ஸ் பிடிச்சால் மணித்தியாலத்துக்கு என்ன கேப்பினம் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

மண்டபம் சிரித்தது. மாக்கிறட் எத்தனையோ தரம் கேட்ட சிரிப்பு. எதற்கு என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

"என்ர மனிசி சொல்லுறா, அந்தப் பிள்ளைக்கு ஒருத்தரும் மாப்பிள்ளை பாத்துக் குடுத்திடாதேங்கோ, குடுத்தால் மாமியைப் பாக்க நீங்கள்தான் போகவேணும் எண்டு."

சிரிப்பு இன்னும் பெரிதாக எழுந்தது. அம்புறோஸ் கண்ணைத் தாழ்த்தினான். கையை நெஞ்சில் வைத்தான்.

"பகிடி ஒருபக்கம் இருக்கட்டும். இந்தக் கலியாண வீட்டை இண்டைக்கு நடத்துறது என்ர அருள்நாயகி. அருள், எழும்பு. எல்லாருக்கும் கையைக் காட்டு."

பச்சைச் சேலைக்காரி வெட்கப்பட்டுக்கொண்டு எழுந்தாள். கைதட்டல் இரண்டு பெட்டியிலிருந்தும் வீடு நிறைய விழுந்தது. ஹலீம் பாய்ந்து மிசினை நிறுத்தினான்.

மூப்பரின் மனைவி பிளேன்ரீக் கோப்பையைச் சத்தமில்லாமல் நிலத்தில் வைத்தாள். அவர்கள் எல்லாருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது என்பது மாக்கிறட்டுக்கு அப்போது விளங்கியது. அவள் ஒருத்திக்குத்தான் அவனுடைய வாயால் கேட்க வேண்டியிருந்தது.

"டீச்சர்," என்றான் ஹலீம். அவனுடைய வாய்க்காரத்தனம் எங்கேயோ போய்விட்டது. "பழையபடி மாத்தி விடட்டோ?"

அவள் தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"மாமி, உங்களுக்குத் தெரியும்."

றஞ்சிதம் சேலைத் தலைப்பைப் பிசைந்தாள். "நான் பொய் சொல்லேல்லப் பிள்ளை. உன்ர பேரைச் சொன்னவன் எண்டுதானே சொன்னனான். சொன்னவன்தானே?"

"ஓம். சொன்னவர்."

"பேச்சு கேக்காமல் போனதை ஆண்டவர் செய்த காரியம் எண்டு நினைச்சன். ஒரு கால் இல்லாத கிழவி நான். நீ போனால் ஆர் எனக்கு ஊசி போடுறது? அவன் வருவானோ? அவள் வருவாளோ? நீ என்ர பிள்ளை மாதிரி..."

"பிள்ளை மாதிரி இல்லை மாமி. நேர்ஸ் மாதிரி."

"அப்பிடிச் சொல்லாதை."

"நான் சொல்லேல்ல. உங்கட மகன் சொன்னவர், நானூறு சனத்துக்கு முன்னால."

குரல் உயரவில்லை. முன்பள்ளிப் பிள்ளைகளிடம் பேசுவதுபோலவே பேசினாள். அதுதான் பெற்றிசியாவை அழவைத்தது. றஞ்சிதமும் அழத் தொடங்கினாள். அந்த அழுகை பொய்யில்லை என்று மாக்கிறட்டுக்குத் தெரியும். ஒன்பது வருடமாக அந்த உடம்பைத் துடைத்தவள், அதில் எது வலி, எது நடிப்பு என்று அறியாமல் இருப்பாளா? கிழவிக்கு இவள்மேல் அன்பு இருந்தது. அந்த அன்பு இவளை வைத்துக்கொள்ளத்தான் தெரிந்த அன்பு.

மணி ஆறாகப் போகிறது என்று சுவர் மணிக்கூடு காட்டியது. மாக்கிறட் எழுந்து குளிர்ப்பெட்டியிலிருந்து மருந்தை எடுத்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அளவு பார்த்து, றஞ்சிதத்தின் வயிற்றில் ஊசியைப் போட்டாள். பஞ்சால் ஒற்றினாள். சேலையைச் சரிசெய்துவிட்டாள். மருந்துப் பெட்டியைக் கொழுந்தன் மனைவியின் மடியில் வைத்தாள்.

"காலமை ஆறு மணிக்கு ஒண்டு. பின்னேரம் ஆறு மணிக்கு ஒண்டு. சாப்பிட முந்திப் போடவேணும்."

"நானோ?" என்று அவள் திடுக்கிட்டாள்.

"ஆரோ ஒருத்தர்."

வாசலில் டொமினிக் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். தங்கை ஊருக்கு முன்னால் அழுதால் அதைத் தான் பார்க்கக்கூடாது என்று அவன் புறப்படுகிறான் என்பது அவளுக்குத் தெரிந்தது. டிஸ்க்கைக் கேட்டதிலிருந்து அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் அப்பவே சொன்னேன் என்று சொல்லியிருந்தால் அவளுக்கு இலகுவாக இருந்திருக்கும். அந்தக் கோபத்தில் இன்னும் ஒன்பது வருடம் இந்த வீட்டிலேயே இருந்திருப்பாள். அவன் படியிறங்கினான். முற்றத்து மணலில் நாலு எட்டு வைத்தான்.

மாக்கிறட் வாசலுக்கு வந்தாள். காலுக்குச் செருப்பும் இல்லை, கையில் சூட்கேசும் இல்லை. ஞாயிறு ஞாயிறாகத் தொண்டை வரைக்கும் வந்து திரும்பிய சொற்கள். இத்தனை சனத்துக்கு முன்னால், அவமானத்துக்கு இனி மிச்சம் எதுவும் இல்லாத இந்த நேரத்தில், அவை வெளியே வரமாட்டேன் என்று இன்னும் அடம்பிடித்தன. நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா."

டொமினிக் நின்றான். திரும்பவில்லை.

"அண்ணா, என்னை வீட்ட கூட்டிக்கொண்டு போங்கோ."